பீப்பாயும் கொழுந்துக் கூடையும்

ஸ்காட்ச் விஸ்கியின் உயர்சுவை எங்கிருந்து வந்தது? ஸ்பானிய ஷெரி மது பீப்பாய்களில் பிரிட்டனுக்கு வந்தது. காலிப் பீப்பாய்களை விஸ்கி வடிப்போர் மலிவாய்ப் பெற்றனர். மரத்தில் ஊறியிருந்த திராட்சை மணம் விஸ்கியில் ஏறியது. சிக்கனத்தில் பிறந்தது சீமான்களின் சுவையாயிற்று. இன்று போத்தலின்மேல் பீப்பாயின் பெயரையும் அச்சிடுகின்றனர்.

ஸ்காட்லாந்தினரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கை மலைநாட்டு லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1876இல் நுவரெலியாவில் துரைமாருக்கென ஹில் கிளப் எழுந்தது. கொழுந்து கொய்த தமிழரோ லயன் அறைகளில் ஒடுங்கினர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு 2003இலேதான் வழி பிறந்தது.

மதுவுக்கு மணமூட்டிய மரத்தைப் பெயர் சொல்லிப் போற்றும் உலகம், கொழுந்து கொய்த கைகளின் பெயரை எழுதுவதில்லை. சுவையின் வரலாற்றை உழைப்பின் வரலாறாகவே நாம் கற்பிப்போம்.