கெமிக்கல் எக்ஸாமினரின் நாற்காலி

வேதியியல் படித்தவருக்குத் தடய அறிவியலில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால், இன்று பலரும் பட்டப்படிப்புகளின் பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். இந்நாட்டில் அந்த வேலை வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், அதன் இடங்களையும் மதிப்பையும் பெரும்பாலும் தீர்மானித்தவை நீதிமன்றத்தின் தேவையும் அதையொட்டி எழுதப்பட்ட சட்டப் பிரிவுகளுமே என்று தெரிகிறது. வழக்குகளுக்காகப் பொருள்களைச் சோதித்துச் சொல்லும் அரசு ஆய்வாளரான கெமிக்கல் எக்ஸாமினரின் ஆய்வுக்கூடம் சென்னையில் 1849ல் தொடங்கியது; இந்தியாவில் இந்த வகையில் அதுவே முதல். கல்கத்தா 1853லும், ஆக்ரா 1864லும், பம்பாய் 1870லும் பின்தொடர்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததோ 1857ல். பட்டம் தருவதற்கு ஆள் இல்லாத காலத்திலேயே பதவி வந்துவிட்டது.

அந்தப் பதவியை வரவழைத்தது விஷம். வெள்ளைப் பாஷாணம் என்னும் ஆர்சனிக் நஞ்சு கடைத்தெருவில் எளிதாகக் கிடைத்த காலம் அது. அதைத் தின்றவருக்கு வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காலராவைப் போலவே இருக்கும். ஊரில் காலரா பரவும்போது ஒரு கொலை அதற்குள் மறைந்துபோக வழி இருந்தது. பிணத்தைப் பார்த்து மட்டும் வைத்தியரால் உறுதி சொல்ல முடியாது. 1836ல் வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்ட சோதனை அந்த மறைவை உடைத்தது. துத்தநாகத்தையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் இரைப்பையிலிருந்து எடுத்த கரைசலோடு சேர்த்து, கிளம்பும் வாயுவைக் கொளுத்தி, சுடரின்மேல் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால் பளபளக்கும் கறுப்புப் படலம் படியும். ஆன்டிமனியும் இப்படிப் படியும் என்பதால் அங்கே நிறுத்த முடியாது; சோடியம் ஹைப்போகுளோரைட்டில் படலம் கரைந்தால் ஆர்சனிக், கரையாவிட்டால் ஆன்டிமனி. ஊமத்தை நஞ்சுக்கு இத்தகைய படலம் கிடையாது. பிரித்தெடுத்த சாற்றைப் பூனையின் கண்ணில் விட்டு, பாவை விரிகிறதா என்று பார்த்தார்கள். ஓர் உயிர் தூக்குக்குப் போவதும் தப்புவதும் இத்தகைய கவனத்தைச் சார்ந்திருந்தது.

பதவியில் இருந்தவர்கள் பெரும்பாலும் அரசு மருத்துவர்கள். மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தபடியே இதையும் பார்த்தார்கள். இந்தியர்கள் பலரும் உதவியாளர்களாகவே உழைத்தார்கள். வங்காளத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்த சுனிலால் போஸும் மருத்துவம் படித்தவர்தான்.

1898ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 510ஆம் பிரிவு இருந்தது. எக்ஸாமினர் கையெழுத்திட்ட அறிக்கையையே சாட்சியமாகக் கொள்ளலாம் என்றது அது. ஒரு மாகாணத்துக்கே சில ஆய்வாளர்கள் இருந்த நிலையில் இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆனால் சீலிட்ட பாட்டில்கள் வரும், அறிக்கைகள் போகும், ஆய்வாளரின் முகத்தை நீதிமன்றம் பெரும்பாலும் காணாது. இந்தத் தொழில் இத்தனை காலம் மக்கள் கண்ணில் படாமல் கிடந்ததற்கு இது முக்கியமான காரணம் என்பேன்.

சட்டம் என்ன, அறிவியல் வளர்ந்ததால்தானே வேலையும் வளர்ந்தது என்று கேட்கலாம். ஆனால் மார்ஷ் சோதனை வெளியாகி 34 ஆண்டுகள் கழித்துத்தான் பம்பாய்க்கு ஆய்வுக்கூடம் கிடைத்தது. ஒரு முறை கண்டுபிடிக்கப்பட்டாலும், அதன் முடிவை ஏற்க நீதிமன்றமும் செலவுக்கு அரசும் முன்வராதவரை ஆளை எடுப்பதில்லை. 1991ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில், தமிழகத் தடய அறிவியல் துறை இயக்குநர் பி.சந்திரசேகரன் சம்பவ இடத்தின் தடயங்களை வைத்து, குண்டு ஒரு பெண்ணின் உடலில் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவினார். ஆய்வாளர் இடத்துக்கே போவதன் பலன் அப்போதே தெரிந்தும், அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வர 2023 ஆனது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது; மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த 5 ஆண்டு வரை அவகாசம் உண்டு.

இனி தடய அறிவியல் பட்டம் இருந்தால் போதும், தனி வேதியியல் எதற்கு என்ற வாதமும் எழுகிறது. தடயத்தைச் சேகரிக்கும் ஒழுங்கை அந்தப் பட்டம் முன்கூட்டியே கற்றுத்தருகிறது என்பது உண்மை. மரபணுப் பிரிவுக்கும் கணினிப் பிரிவுக்கும் வேதியியல் அடித்தளமும் அல்ல. ஆனால் கறுப்புப் படலம் ஆர்சனிக்கா ஆன்டிமனியா என்ற வகைக் கேள்வியைக் குறுக்கு விசாரணையில் எதிர்கொள்ள, வினையின் காரணம் தெரிந்திருக்க வேண்டும். போதைப்பொருள், நஞ்சு, தீவைப்பு, வெடிபொருள் என்று ஆய்வகத்துக்கு வரும் வழக்குகளில் இந்தக் கேள்விதான் வெவ்வேறு உருவில் வருகிறது.