மார்க் போடுவதற்கும் ஒரு பயிற்சி



என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது மருத்துவக் கல்லூரியில் ஆசிரியை. போன வாரம் போனில் பேசினாள். "சார், மார்க் போட எங்களுக்கு ஆன்லைன்ல பயிற்சி நடக்குது" என்றாள். ஒரு மாணவர் நோயாளியைப் பரிசோதிக்கும் வீடியோவை எல்லா ஆசிரியர்களும் பார்த்து, தனித்தனியாக மார்க் போட்டு, பிறகு ஒப்பிடுகிறார்களாம். இவள் 7 போட்டதற்கு இன்னொருவர் 4 போட்டிருக்கிறார். பார்த்தது ஒரே வீடியோ!

இதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பெல்லாம் மருத்துவ பிராக்டிகல் தேர்வில் ஒரு மாணவரின் தலையெழுத்தைப் பெரும்பாலும் ஒரே நோயாளிதான் முடிவு செய்வார். ஒருவருக்கு வியாதியைத் தெளிவாகச் சொல்லும் நோயாளி கிடைப்பார். அடுத்தவருக்கு வாயே திறக்காதவர். தேர்வாளரின் அன்றைய மனநிலை வேறு.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் இதை மாற்றினார். 1975-ல் தன் குழுவினரோடு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் புதிய முறையை வெளியிட்டார். ஒரு நோயாளிக்குப் பதிலாகப் பல நிலையங்கள். ஒன்றில் நோயாளியை விசாரிக்க வேண்டும், இன்னொன்றில் உடலைப் பரிசோதிக்க வேண்டும், வேறொன்றில் ஆய்வு முடிவைப் படித்துச் சொல்ல வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். எல்லாருக்கும் அதே சோதனைகள். எதற்கு எவ்வளவு மார்க் என்பதும் முன்பே எழுதி வைத்த பட்டியல்தான். ஆஸ்கி என்ற பெயரில் இது உலகமெங்கும் பரவியது. (நம் ஊர் டாக்டர் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.)

ஆனாலும் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் மனிதர்தானே? 'நோயாளியிடம் பரிவாகப் பேசினாரா' என்ற வரிக்கு ஆளுக்கொரு அளவுகோல். மிக நன்றாகச் செய்தவருக்குப் பின்னால் வரும் சுமாரானவர் இன்னும் மோசமாகத் தெரிவார். அதனால்தான் தேர்வாளருக்கும் பயிற்சி தேவைப்பட்டது. புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான பயிற்சி மையம் 1970-களிலேயே வந்துவிட்டது.

நானும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன்தான். கேள்வித்தாள் தயாரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே விடைத்தாளை எங்கள் பத்துப் பேரிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரே நோட்ஸை மனப்பாடம் செய்து, வரி மாறாமல் ஒரே கட்டுரை எழுதினார்கள். முத்து முத்தாக எழுதியவனுக்கு 8, கோழி கிளறியது போல எழுதியவனுக்கு 5 போட்டேன். அவன் இரண்டு தாள்களையும் என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். "முதல்ல கையெழுத்தைத் திருத்துடா" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த 3 மார்க்கை நான் போடவே இல்லை. தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது.