தடுமாறும் நாடியின் வரலாறு

கைந்நாடி பிடித்து நோயின் கூற்றை அறிதல் தமிழ் மருத்துவத்தின் தலையாய முறைகளுள் ஒன்று. ஆட்காட்டி விரலில் வாதமும், நடுவிரலில் பித்தமும், மோதிர விரலில் ஐயமும் புலப்படும் என்பது சித்த மருத்துவர் கொள்கை. நாடி தடுமாறுகிறது என்பதை விரல் அறியும். ஆனால், அத்தடுமாற்றம் நெஞ்சின் எப்பகுதியிற் பிறக்கிறது என்பதை விரல் ஒன்றே கூறவியலாது. அதனை மருத்துவ உலகம் ஐயமற அறிந்தது 1909ஆம் ஆண்டில்தான். அவ்வரலாற்றைக் கற்கும்போது நெகிரி செம்பிலான் மாநிலமும், தோட்டப்புறத் தமிழர் நன்கறிந்த மருந்தொன்றும் நம் நினைவுக்கு வருகின்றன.

நெஞ்சின் தாளம்

இதயத்துக்கு அறைகள் நான்கு. மேலிரண்டும் குருதியை ஏற்பவை; கீழிரண்டும் அதனை வெளியே செலுத்துபவை. வலது மேலறையிலுள்ள சிறு கணுவொன்றிலிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பு எழுகிறது. அது மேலறைகளிற் பரவி, இடைக்கணுவிற் சற்றே தாமதித்துக் கீழறைகளை அடைகிறது. இடைக்கணுவை ஜப்பானியராகிய சுனாவோ தவாரா 1906இலும், முதற்கணுவை ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் 1907இலும் விளக்கிக் காட்டினர்.

மேலறைத் தசை இவ்வொழுங்கை விட்டு நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை துடிதுடிப்பதே மேலறை நடுக்கம். இடைக்கணு வாயிற்காவலன்போல் நின்று அத்துடிப்புகளுட் சிலவற்றையே கீழே விடும். ஆகவே நாடி விரைந்தும், எம்முறைக்கும் உட்படாமலும் அடிக்கும்.

விரைந்த நாடி யாவும் ஒன்றன்று

செரம்பானிலிருந்து கோலப் பிலா செல்லும் சாலையில் உள்ளது பாரோய். இன்று வீடமைப்புப் பகுதிகள் பெருகிய அச்சுற்று வட்டாரம் முன்னர்ப் பால்மரக் காடுகள் நிறைந்திருந்தது. அந்நாளில் இம்மாநிலத்தில் நெஞ்சைத் தாக்கிய பெருநோய் பெரிபெரி. கால் வீங்கும், மூச்சு வாங்கும், நாடி விரையும். மாநில அறுவை மருத்துவராயிருந்த லெனார்ட் பிராடன், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை இந்நோய் பெரிதும் அணுகாமையையும், தீட்டிய பச்சரிசி உண்ட சீனரை அது வாட்டியதையும் கண்டு 1907இல் நூலாக எழுதினார். அவ்வாண்டே ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் ஜெலுபு வட்டாரத்தில் சாலைப் பணி செய்த ஜாவானியத் தொழிலாளரை இரு குழுவாகப் பிரித்து, இரு வகை அரிசியும் கொடுத்து ஆராய்ந்தனர். தீட்டிய அரிசி உண்டவரிடையே நோய் தோன்றியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசியினுள் இறங்குவதே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

பெரிபெரியில் நாடி விரையினும் பெரும்பாலும் ஒழுங்கு கெடுவதில்லை. மேலறை நடுக்கத்திலோ விரைவும் உண்டு, ஒழுங்கின்மையும் உண்டு. கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் இரண்டிலும் வரக்கூடும். எனவே, நாடியின் எண்ணிக்கையை மட்டுமன்றி அதன் நடையையும் நோக்குதல் இன்றியமையாதது.

கண்டறிந்த முறை

இங்கிலாந்தில் பருத்தி ஆலைகள் நிறைந்த பர்ன்லி நகரில் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. கழுத்து நாளத்தின் அலையையும் கைந்நாடியையும் ஒருங்கே வரையும் கருவியை அவர் அமைத்தார். ஈரிதழ் வால்வு சுருங்கிய பெண்ணொருத்தியைப் பல்லாண்டு கவனித்து வந்தபோது, நாடி ஒழுங்கிழந்ததும் மேலறைக்குரிய அலை மறைந்துவிட்டதைக் கண்டார். மேலறை செயலிழந்துவிட்டது என்பது அவர் முதற் கருத்து. அது செயலிழக்கவில்லை, நடுங்குகிறது என்பதை 1909இல் இலண்டனில் தாமஸ் லூயிசும், வியன்னாவில் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் இருவரும் நிறுவினர். ஹாலந்தின் லைடன் நகரத்து ஐந்தோவன் ஆக்கிய மின்வரைவுக் கருவியே அதற்குத் துணைநின்றது. அவர் 1924இல் நோபெல் பரிசு பெற்றார்.

மின்வரைவில் மேலறைக்குரிய பீ அலை காணப்படாமல், கீழறை அலைகள் ஒழுங்கற்ற இடைவெளியில் தோன்றின் அது மேலறை நடுக்கம். வாளின் பற்கள்போல நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 அலைகள் வரிசையாக வரின் அது மேலறைப் படபடப்பு எனும் வேறொரு வகை.

கொய்னா தந்த படிப்பினை

மலேரியா மலிந்த காலத்தில் தோட்டத் தொழிலாளர்க்குக் கொடுக்கப்பட்ட கசப்பு மருந்து கொய்னா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் அதே மருந்து நெஞ்சின் வரலாற்றிலும் இடம்பெற்றது. மலேரியா நாடுகளுக்குச் சென்றுவந்த டச்சு வணிகர் ஒருவர், தம் நாடித் தடுமாற்றத்தைக் கொய்னாவால் தாமே நிறுத்த முடியும் என்று மருத்துவர் வென்கெபாக்கிடம் கூறினார். மறுநாள் ஒழுங்கான நாடியோடு வந்தும் காட்டினார். வென்கெபாக் இதனை 1914இல் நூலில் எழுதினார். 1918இல் வால்டர் ஃபிரை, அப்பட்டையிலுள்ள குயினிடின் இன்னும் திறனுடையது எனக் கண்டார். ஆயினும் அது கீழறைகளில் உயிர்கொல்லும் தாளக் கேட்டையும் விளைக்கக்கூடும் எனத் தெரிந்தபின் அதன் செல்வாக்குக் குன்றியது. நோயாளியின் சொல்லையும் செவிமடுத்த மருத்துவரால் புதுவழி பிறந்தது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

காரணங்களும் ஆபத்தும்

இளமையில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் கீல்வாதக் காய்ச்சல் வால்வைச் சிதைக்கும். நெருக்கமான குடியிருப்பு அதற்கு ஏதுவாகும். உயர் இரத்த அழுத்தம், தைராய்டு மிகை, மாரடைப்பு, முதுமை ஆகியனவும் காரணங்களாம். மதுவும் அவற்றுள் ஒன்று. வார இறுதியில் மிகையாகக் குடித்தவரிடம் இத்தாளக் கேடு தோன்றுவதை எட்டிங்கர் குழுவினர் 1978இல் எடுத்துக்காட்டினர். கள்ளும் சம்சாவும் தோட்டப்புறக் குடும்பங்களுக்குச் செய்த கேட்டை அறிந்தோர்க்கு இது புதிய எச்சரிக்கை.

நடுங்கும் மேலறையில் குருதி தேங்கி உறையும். உறைந்த துணுக்கு மூளை நாளத்தை அடைப்பின் பக்கவாதம் நேரும். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1978இல், வால்வுக் கேடு இல்லாதவரிடத்தும் இவ்வாபத்து 5 மடங்குக்கு மேல் எனவும், கீல்வாத வால்வுக் கேடு உடையாரிடத்து 17 மடங்கு எனவும் கணித்தது. உறைவைத் தடுக்கும் மருந்துகள் இன்று உண்டு. நோயை உரிய காலத்தில் அறிந்தால்தான் அவை பயன்படும்.

மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுதல் எவர்க்கும் இயலும். அடிகளின் இடைவெளி சீராக இல்லையெனில் மின்வரைவு எடுத்துப் பார்த்தல் வேண்டும். நாடி பார்க்கும் நம் பழைய வழக்கமும் புதிய கருவியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. விரல் ஐயுறுவதைக் கருவி தெளிவிக்கிறது. இதனை மாணாக்கர்க்குக் கூறும் ஆசிரியர், அவர்தம் இல்லத்து முதியோர்க்கும் நன்மை செய்தவராவார்.