இடம் மாறிய இரு வண்டுகள்

1880-களில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில்பூச்சி சூறையாடியது. அப்பூச்சியின் தாயகமான ஆஸ்திரேலியாவுக்கு 1888-இல் ஆல்பர்ட் கோபெல் என்பவர் அனுப்பப்பட்டார். அடிலெய்டு நகரில் ரோடோலியா என்னும் பொறிவண்டு அதை உண்பதைக் கண்டு, முதலில் 129 வண்டுகளை அனுப்பினார். அடிலெய்டின் தட்பவெப்பம் கலிபோர்னியாவை ஒத்தது. வண்டுகள் பல்கிப் பெருகின. இரண்டே ஆண்டுகளில் தோட்டங்கள் பிழைத்தன.

பின்னர், 1891-92-இல், மாவுப்பூச்சிகளை உண்ணும் கிரிப்டோலேமஸ் வண்டையும் அவரே அனுப்பினார். கிழக்கு ஆஸ்திரேலியாவின் வெப்பத்தில் வாழ்ந்த இது குளிர்காலத்தைத் தாங்கவில்லை. குளிர் குறைந்த கடலோரத்தில் மட்டுமே நிலைத்தது. எனவே, உருளைக்கிழங்கு முளைகளில் மாவுப்பூச்சிகளை வளர்த்து, அவற்றை இரையாக்கி வண்டுகளைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டனர்.

இரை மட்டும் இருந்தால் போதுமா? இடமும் ஒத்துவர வேண்டும் அல்லவா!