கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் நாடக, திரைப்பட நடிகை, பாடகி. கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே மேடையேறினார். இலங்கையில் நாடகங்களில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். பின்னர் அவரை மணந்தார்.

1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் வெள்ளைச் சேலையே உடுத்தினார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். காதல் காட்சிகளை நம்பியிருந்த திரையுலகில் இவ்வுறுதி அவரது வாய்ப்புகளைச் சுருக்கியது. எனினும் அதற்கு உட்பட்ட வேடங்களே அவருக்குப் புகழ் தந்தன. ‘நந்தனார்’ (1935) படத்தில் ஆண் வேடமேற்று, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். ‘ஔவையார்’ (1953) படத்தில் மூதாட்டியாகவும், ‘பூம்புகார்’ (1964) படத்தில் துறவி கவுந்தியடிகளாகவும் நடித்தார். சென்னை சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.