தீர்த்தமலையிலிருந்து திரைப்படப் படிப்பு எவ்வளவு தூரம்?

தீர்த்தமலை என்றவுடன் நினைவுக்கு வருவது மலைமேல் இருக்கும் தீர்த்தகிரீஸ்வரர் கோயிலும், பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தமும்தான். சினிமாவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் தருமபுரி என்று ஒரு தனி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான் பிறந்தது. அதுவரை அரூர், தீர்த்தமலை எல்லாமே சேலம் மாவட்டம். அந்தச் சேலத்தில்தான் 1935-ல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கினார். அதாவது, முப்பது வருட காலம், தீர்த்தமலையில் பிறந்த ஒருவர் சினிமாத் தொழிலைக் கற்றுக்கொள்ள மாவட்ட எல்லையைக் கூடத் தாண்ட வேண்டியதில்லை!

இன்று அதே ஊரில் பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ முடித்த ஒரு மாணவர், டிஜிட்டல் திரைப்பட உருவாக்கத்தை முதுநிலையில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் எங்கே போவது? இந்தக் கேள்விக்கான பதில் தமிழ்நாட்டில் சினிமா கற்பிக்கப்பட்ட வரலாற்றுக்குள் இருக்கிறது.

மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்தே தொடங்கலாம். அது பள்ளிக்கூடம் அல்ல, தொழிற்சாலை. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் சேலத்துச் சரக்குகள்தான். செட் போடுகிறவர், லைட் தூக்குகிறவர், லேபில் பிலிம் கழுவுகிறவர் எல்லோரும் ஒரே வளாகத்துக்குள் வேலை பார்த்தார்கள். கூடவே நின்று பார்த்துப் பழகியவர் சில வருடங்களில் தொழில்காரர் ஆனார். பாடத்திட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. தெரிந்தவர் யாராவது உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். (இந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பது கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.)

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. அதே மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) படத்தை சுந்தரத்துடன் சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கன், சினிமாவைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவருடன் படித்த மாணிக்லால் டாண்டன் அழைக்க, 1935-ல் இந்தியா வந்தார். தமிழ் தெரியாது. ஆனாலும் எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி' (1936) உட்பட தமிழ்ப் படங்களை இயக்கிவிட்டு 1950-ல் ஊர் திரும்பினார். மொழி தெரியாத ஒருவர் இத்தனை படங்களை எடுக்க முடிந்ததற்குக் காரணம், சினிமாவுக்கென்று கற்றுக்கொள்ளக்கூடிய ஓர் இலக்கணம் இருந்ததுதான். எங்கே குளோசப் வைப்பது, கேமராவை எப்போது நகர்த்துவது என்பதெல்லாம் வகுப்பறையில் சொல்லித்தரக்கூடியவை என்பதற்கு டங்கன் நடமாடும் சாட்சியாக இருந்தார். ஆனால் அவர் இங்கே இருந்த பதினைந்து வருடங்களில் நம் ஊரில் யாரும் இயக்கத்தைச் சொல்லித்தரப் பள்ளி திறக்கவில்லை.

திறந்தது கேமராவுக்கும் ஒலிக்கும்தான். அதுவும் பாலிடெக்னிக்கில்! பெங்களூரில் எஸ்.ஜே.பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு சொல்லித்தந்தார்கள். குருதத்தின் ஒளிப்பதிவாளர் வி.கே.மூர்த்தி 1940-களில் அங்கே படித்தவர்தான். சென்னையில் 1945-ல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் தொடங்கிய பிரிவு பிற்பாடு தனி நிறுவனமாகி, தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசு திரைப்படக் கல்லூரியாக இருக்கிறது. மக்கள் வாயில் அது 'அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்'. பாலிடெக்னிக்கில் வைத்தார்கள் என்பதிலேயே அக்காலப் பார்வை தெரிகிறது. லேத் மெஷின் மாதிரி கேமராவும் ஒரு மெஷின். அதை ஓட்ட ஆள் தயாரிக்க வேண்டும். கதை சொல்வதெல்லாம் படிப்பில் சேராது.

பட்டம் பெற்றவர்களுக்கான சினிமாப் படிப்பு என்ற எண்ணம் வேரூன்றியது புனேயில். எஸ்.கே.பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951-ல் ஒரு திரைப்படப் பள்ளி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1960-ல், மூடப்பட்ட பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் மத்திய அரசு பிலிம் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியது. (மாஸ்கோவில் இது 1919-லேயே நடந்துவிட்டது. நாம் நாற்பது வருடம் தாமதம்.) மட்டக்களப்பிலிருந்து வந்த பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு படித்தவர். 1995-ல் கொல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரில் இரண்டாவது நிறுவனம் வந்தது. இரண்டிலும் மூன்று வருட முதுநிலைப் பட்டயம்தான் பிரதானம். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் இயக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். தீர்த்தமலை மாணவருக்கு இது நல்ல செய்திதான். ஆனால் ஒரு பிரிவுக்கு இடங்கள் பத்து, பன்னிரண்டு என்ற அளவில்தான். நாடு முழுவதிலிருந்தும் போட்டி. வகுப்பறை மொழி பெரும்பாலும் ஆங்கிலம்.

இடங்கள் ஏன் இவ்வளவு குறைவு? இதற்கு ஒரு பெரிய காரணம் பிலிம். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் ஓட வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. 400 அடி ரோல் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த ரோலை வாங்க வேண்டும், எடுத்ததை லேபில் கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் காசு. ஒரு மாணவர் ஒரு ஷாட்டைத் தப்பாக எடுத்தால் அது தெரியவே நாளாகும், தெரிந்தபோது ரோல் போயிருக்கும். இத்தனை செலவை ஆயிரம் மாணவர்களுக்கு எந்த அரசும் செய்யாது. எனவே பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் கேமராவைத் தொடும் முன் நூறு தடவை யோசித்தார்கள் என்பது இந்தப் பஞ்சத்தின் நல்ல பக்கம்.

இந்தப் பஞ்சத்துக்குள்ளிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பி.சி.ஸ்ரீராம், ராஜீவ் மேனன் அடையாறில் படித்தவர்கள். 1986-ல் வந்த 'ஊமை விழிகள்' பிலிம் இன்ஸ்டிடியூட் மாணவர்களின் படம் என்றே பேசப்பட்டது. ஆபாவாணனும் அரவிந்தராஜும் விஜயகாந்தை வைத்து எடுத்த அந்தப் படத்துக்குப் பிறகுதான், டிப்ளமோ வாங்கியவனுக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று கோடம்பாக்கம் நம்பத் தொடங்கியது. பெண்களின் நிலை வேறு. ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று சொல்லப்படும் பி.ஆர்.விஜயலட்சுமி ('சின்ன வீடு', 1985) ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து கற்றவர். அவர் இயக்குநர் பி.ஆர்.பந்துலுவின் மகள். சினிமா வீட்டுப் பெண்ணுக்கே உதவியாளர் வழிதான் என்றால் தீர்த்தமலைப் பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

டிஜிட்டல் வந்தது பின்வாசல் வழியாக. முதலில் எடிட்டிங். 'மகாநதி' (1994) அவிட் கருவியில் வெட்டித் தொகுக்கப்பட்டது. பிறகு கேமரா. 2002-ல் ஹாலிவுட்டில் ஸ்டார் வார்ஸ் வரிசைப் படம் ஒன்று முழுக்க டிஜிட்டலில் எடுக்கப்பட்டது. தமிழில் பி.சி.ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்' (2004), கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) அந்த வழியில் நடந்தன. இரண்டுமே வசூலில் சோபிக்கவில்லை. டிஜிட்டல் என்றால் ஆகாது என்று அப்போது பேசியவர்கள் உண்டு. ஆனால் 2007-ல் ரெட் ஒன் கேமரா வந்தது. 'அச்சமுண்டு! அச்சமுண்டு!', 'உன்னைப்போல் ஒருவன்' (இரண்டும் 2009) அதில் எடுக்கப்பட்டன. 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனம் திவால் மனு போட்டது. அதே வருடம் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' வந்தது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும் வகையைச் சேர்ந்த கேனான் ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்ட படம் அது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது.

அரூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் இருக்கும் கேமராவும், தேசிய விருது வாங்கிய படத்தின் கேமராவும் ஏறக்குறைய ஒரே ஜாதி என்றான பிறகு, படிப்பு எதற்கு என்ற கேள்வி வந்தே தீரும். வந்தது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' குறும்படப் போட்டியிலிருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் நேராகப் பெரிய திரைக்குப் போனார்கள். 'பீட்சா' (2012), 'சூது கவ்வும்' (2013) இரண்டும் எல்லோருக்கும் தெரியும். எந்த இன்ஸ்டிடியூட்டும் இல்லாமல் ஜெயிக்கலாம் என்பதற்கு இதைத்தான் இன்றும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கார்த்திக் சுப்புராஜ் மென்பொருள் துறையில் வேலை பார்த்துக்கொண்டே குறும்படம் எடுத்தவர். வார இறுதியில் தப்பு செய்து கற்றுக்கொள்ள அவருக்குச் சம்பளம் இருந்தது. தப்பு செய்யக் காசும் நேரமும் இல்லாதவருக்கு, தப்பு செய்ய அனுமதிக்கும் இடமாக ஒரு பள்ளி தேவைப்படுகிறது.

தவிர, டிஜிட்டல் ஆனதால் கற்க வேண்டியது குறையவில்லை, கூடியது. பிலிமில் லேப் பார்த்துக்கொண்ட வேலையெல்லாம் இப்போது படக்குழுவின் தலையில். சென்சார் எவ்வளவு வெளிச்சம் தாங்கும், வெள்ளை எங்கே வெளுத்துப்போகும், சாம்பல் பூத்த மாதிரி தெரியும் 'லாக்' பதிவை வண்ணம் சேர்க்கும் மேஜையில் எப்படி மீட்பது, கார்டில் இருப்பதை அழிக்கும் முன் எத்தனை பிரதி எடுத்து வைப்பது (மூன்று என்பது நல்ல பழக்கம்), தியேட்டருக்குப் போகும் டி.சி.பி. கோப்பை எப்படித் தயாரிப்பது... பட்டியல் நீளும். ஒலியை யூடியூபில் பார்த்து யாரும் முழுமையாகக் கற்றதாகத் தெரியவில்லை. இதோடு இன்னொன்று: ரோல் தீர்ந்துவிடும் என்ற பயம் போனதால் நாள் முழுவதும் கேமராவை ஓடவிட்டு, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற வியாதியும் வந்துவிட்டது. அதற்கு மருந்தும் பாடத்திட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

இந்தத் தேவையைச் சந்தை கவனித்தது. 2000-களின் நடுவில் சாலிகிராமத்தில் எல்.வி.பிரசாத் அகாடமியும், 2006-ல் ராஜீவ் மேனனின் மைண்ட்ஸ்கிரீனும் வந்தன. பிறகு தனியார் பல்கலைக்கழகங்கள். தரமான இடங்களும் உண்டு. ஆனால் கட்டணம் லட்சங்களில். கேமரா விலை இறங்க இறங்கப் படிப்பு விலை ஏறியது. அரசு நடத்தும் தரமணிக் கல்லூரி பட்டயத்திலிருந்து பட்டத்துக்கு மாறி, நான்கு வருட பி.வி.ஏ. தருகிறது. கட்டணமும் தனியாரோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கான இளநிலைப் படிப்பு. டிகிரி முடித்தபிறகு சினிமா பக்கம் திரும்புகிறவர் மறுபடியும் முதலிலிருந்து நான்கு வருடம் உட்கார வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி, வீட்டில் எல்லோரும் எப்போது சம்பாதிப்பாய் என்று கேட்கும் நிலையில் அது நடக்கிற காரியமா?

இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் 2021-ல் இயக்குநர் வெற்றிமாறன், லயோலா கல்லூரிப் பேராசிரியராக இருந்த ராஜநாயகத்துடன் சேர்ந்து சென்னையில் ஒரு பன்னாட்டுத் திரை-பண்பாட்டு ஆய்வகத்தைத் தொடங்கினார். சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கிய குடும்பங்களிலிருந்து வரும் பட்டதாரிகளுக்கு முதுநிலைப் பட்டயம். கல்வி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். தயாரிப்பாளர் எஸ்.தாணு தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். வெற்றிமாறன் லயோலாவில் ஆங்கில எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது அதை விட்டுவிட்டு பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தவர் என்பது நினைவிருக்கலாம். சேருகிறவர்கள் ஒரு சில டஜன் பேர்தான். தமிழ்நாட்டின் கிராமங்களை எண்ணிப்பார்த்தால் இது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனாலும் மாடர்ன் தியேட்டர்ஸ் கேட்டில் கேட்கப்பட்ட 'உள்ளே யாரைத் தெரியும்?' என்ற கேள்வியை இங்கே கேட்பதில்லை.

புனே, கொல்கத்தா நிறுவனங்களுக்கு 2025 ஏப்ரலில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்திருக்கிறது. இதுவரை பட்டயம் மட்டுமே கொடுத்தவர்கள் இனி பட்டமும், முனைவர் ஆய்வும் தரலாம். சினிமா வாய்ப்பு வராவிட்டால் கல்லூரியில் ஆசிரியராகவாவது போகலாம் என்று வீட்டில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் மிச்சம் இருக்கிறது. தீர்த்தமலைக்காரர் இப்போது அரூர் போய், மொரப்பூரில் சென்னை ரயில் பிடிக்க வேண்டும்.