பிஜித் தீவின் கலப்பு வாக்குத் தொகுதிகள்

பிஜித் தீவு என்றதும் தமிழ் பயில்வார்க்குப் பாரதியார் பாடிய கரும்புத் தோட்டமே நினைவில் எழும். அத்தோட்டங்களில் உழைத்தோரின் வழித்தோன்றல்கள் ஒத்த வாக்குரிமை வேண்டி நிகழ்த்திய போராட்டம் அத்துணை அறியப்பட்டிலது. அப்போராட்டத்தினிடையே தோன்றி, ஆறே ஆண்டுகளில் மறைந்த ஒருவகைத் தொகுதியை ஈண்டு ஆராய்வாம்.

1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குச் சென்றனர். சென்னை வழியாகத் தென்னாட்டார் செல்லத் தொடங்கியது 1903இல் ஆகும். 1929இல் இந்தியர் முதன்முறையாகச் சட்டமன்றத்திற்கு மூவரைத் தேர்ந்தெடுத்தனர். அம்மூவரும் எல்லா இனத்தார்க்கும் ஒரே வாக்காளர் பட்டியல் வேண்டினர். மறுக்கப்படவே, அவ்வாண்டே மன்றத்தினின்றும் வெளியேறினர்.

1965இல் இலண்டன் மாநாட்டில் இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. ஏ. டி. பட்டேல் தலைமையில் கூட்டாட்சிக் கட்சி பொதுப் பட்டியலை வற்புறுத்தியது. அதற்கு ஈடாகக் கிடைத்ததே கலப்பு வாக்குத் தொகுதி. 1966ஆம் ஆண்டு அமைப்பின்படி ஒவ்வொரு வாக்காளரும் நான்கு வாக்குப் பெற்றனர். ஒன்று தம் இனத்தார்க்குரிய வகுப்புவாரித் தொகுதியிற் செலுத்தற்குரியது. ஏனைய மூன்றும் கலப்புத் தொகுதியில் ஒரு பிஜியர், ஓர் இந்தியர், ஐரோப்பியரும் சீனரும் அடங்கிய பொதுப் பிரிவினர் ஒருவர் என மூவரைத் தேர்தற்குரியன. இத்தகைய மூன்று தொகுதிகள் ஒன்பது உறுப்பினரை அனுப்பின.

அவ்வாண்டுத் தேர்தலின் முடிவு கருதத்தக்கது. கூட்டாட்சிக் கட்சி இந்தியர்க்குரிய வகுப்புவாரி இடங்கள் ஒன்பதையும் வென்றது. கலப்பு இடம் ஒன்றையேனும் வென்றிலது. அதன் உறுப்பினர் 1967இல் மன்றத்தைத் துறந்து, 1968 இடைத்தேர்தல்களில் ஒன்பதின்மரும் மீண்டும் வென்றனர். இதனால் இம்முறை தோல்வியுற்றது என்பாரும் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. பிற இனத்தாரின் வாக்கையும் நாடுமாறு வேட்பாளரைத் தூண்டியது இத்தொகுதியே. ஆயினும் வாக்கைப் பொதுவாக்கி இடத்தை இனவழிப் பிரித்து வைத்தமையே இதன் குறைபாடாம். தம் இனத்தார் பெரும்பாலும் விரும்பாத ஒருவர், பிறர் வாக்கால் அவ்வினத்தின் பெயரிலேயே மன்றம் புகுதல் இதன்கண் கூடுவதாயிற்று.

1970இல் நாடு விடுதலை பெற்றபின், 1972ஆம் ஆண்டுத் தேர்தலோடு கலப்புத் தொகுதிகள் நீங்கின. எனினும் அவற்றின் கொள்கை மறைந்திலது. 52 இடங்களில் 25, தேசிய இடங்கள் என்னும் பெயரால் அம்முறையிலேயே நிரப்பப்பட்டன. 1987 மே மாதப் படைப்புரட்சிக்குப்பின் வந்த 1990ஆம் ஆண்டு அமைப்பு அவற்றை அறவே நீக்கி, அனைத்து இடங்களையும் வகுப்புவாரியாக்கிற்று. 1997ஆம் ஆண்டு அமைப்பில் 71 இடங்களுள் 25, இனவரையறையற்ற திறந்த இடங்களாயின. 2013ஆம் ஆண்டு அமைப்பு இனவழிப் பட்டியலை முற்றும் ஒழித்தது. 2014இல் நாடு முழுவதும் ஒரே தொகுதியாக நின்று வாக்களித்தது.

1929இல் மூவர் விடுத்த வேண்டுகோள் நிறைவேற 85 ஆண்டுகள் சென்றன. அந்நெடுவழியில் கலப்பு வாக்குத் தொகுதி ஓர் இடைப்படியே. ஏறிக் கடந்தபின் படி மறக்கப்படுதல் இயல்பு. வரலாறு பயில்வார் அதனை மறத்தல் தகாது.